வீட்டருகே நச்சுப் பாம்புகளும் சிலந்திகளும்: அறிந்து கொள்வோம், உயிர் காப்போம்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியில் உழவர் குடும்பங்கள் பலவும் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கின்றன. வீட்டின் ஒருபுறம் மாட்டுக் கொட்டகையும் சோளத்தட்டுப் போரும், மறுபுறம் விறகு அடுக்கும் தேங்காய் மட்டைக் குவியலும், சற்றுத் தள்ளிக் கிணறும் மோட்டார் அறையும் இருப்பது வழக்கம். கோழிப்பண்ணை வைத்திருப்போர் வீட்டருகே தீவன மூட்டைகளும் அடுக்கப்பட்டிருக்கும். இவை அனைத்தும் எலிக்கு உணவும் உறைவிடமும் ஆகின்றன. எலி இருக்கும் இடத்தை நாடிப் பாம்பு வருகிறது. நகரத்திலும் இதே நிலைதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புப் பகுதிகளிலும் புதர் மண்டிய காலி மனையும், கட்டட இடிபாட்டுக் குவியலும், குப்பையும் எலியும் சேர்ந்திருக்கும் இடத்தில் பாம்பு வரக்கூடும்.

பாம்பு மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. மிதிபடும்போதும், கை படும்போதும், தப்ப வழியின்றி மூலையில் அகப்படும்போதும் தற்காப்புக்காகவே கடிக்கிறது. ஆகவே, எந்தப் பாம்பு எங்கே, எப்பொழுது நடமாடுகிறது என்பதை அறிந்து கொண்டால் கடிபடுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கடிபட்டாலும் காலம் கடத்தாமல் மருத்துவமனை சேர்ந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

சாவு எங்கே நேர்கிறது?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இது சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். இதற்கு முன் 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மேலும் இரண்டு உண்மைகளைக் காட்டியது. இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் ஊரகப் பகுதியினர். நூற்றுக்கு 23 பேர் மட்டுமே மருத்துவமனையில் இறந்தவர்கள். மற்றவர்கள் வீட்டிலோ, வயலிலோ, வழியிலோ, மருந்து கிடைக்கும் இடத்தைச் சேராமலேயே இறந்து விட்டனர்.

இந்த இரண்டாவது உண்மையை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பாம்பின் நஞ்சு உயிரைப் பறிப்பது உண்மையே. ஆனால், மந்திரிப்பதிலும் பச்சிலை தேடுவதிலும், "விடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று காத்திருப்பதிலும் கழியும் நேரமே பல குடும்பங்களில் உயிரிழப்புக்குக் காரணமாகிறது.

நான்கு நச்சுப் பாம்புகள்

நம் சமவெளியில் வீட்டையும் வயலையும் ஒட்டி வாழ்ந்து மனிதருக்குப் பேராபத்து விளைவிப்பவை நான்கு பாம்புகள். இவை பற்றி வீட்டில் உள்ள பெரியவர், சிறுவர் அனைவரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

1. கட்டு விரியன்: பெயரில் விரியன் என்றிருந்தாலும் இது விரியன் இனம் அன்று, நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. எட்டடி விரியன், எண்ணெய் விரியன் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. மூன்று முதல் நான்கு அடி நீளமும், பளபளக்கும் கருநீல நிறமும், உடலின் குறுக்கே பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்த மெல்லிய வெள்ளைக் கோடுகளும் கொண்டது. பகலில் எலி வளையிலும், செங்கல் குவியலிலும், சுவர் இடுக்கிலும் மறைந்திருந்து இரவில் வெளிவரும். பல்லி, எலி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடி வீட்டிற்குள்ளும் நுழையும்.

இப்பாம்புதான் உறங்குபவருக்குப் பகை. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்து விடுகிறது. இதன் பற்கள் சிறியவை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. கொசுக்கடி, எறும்புக்கடி என்று எண்ணி மீண்டும் உறங்கி விடுவோரும் உண்டு. சில மணி நேரத்தில் வயிற்று வலி, வாந்தி, தொண்டை அடைப்பு தோன்றும். கண் இமைகள் தாமாகத் தாழும். பேச்சுக் குழறும். பின்னர் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். தரையில் படுத்துறங்கியவர் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ காரணம் தெரியாத வயிற்று வலியுடனும் இமை தாழ்ந்தும் எழுந்தால், பாம்பைக் காணாவிட்டாலும், பல் தடம் தெரியாவிட்டாலும், கட்டு விரியன் கடியாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2. நல்ல பாம்பு: படம் எடுப்பதாலும், படத்தின் பின்புறம் உள்ள மூக்குக் கண்ணாடி போன்ற குறியாலும் இதனை எல்லோரும் அறிவர். படம் எடுக்காத நேரத்தில் சாரைப் பாம்பு என்று தவறாக எண்ணவும் இடமுண்டு. எலி, தவளை, கோழிக்குஞ்சு, முட்டை ஆகியவற்றைத் தேடி வீட்டருகே வரும். கோழி அடைகாக்கும் கூடைக்குள் விளக்கின்றிக் கை விடுவது ஆபத்து. இது கடித்த இடம் வலித்து வீங்கும். சதை அழுகவும் கூடும். நஞ்சு நரம்பைத் தாக்குவதால் இமை தாழ்வதும் மூச்சுத் திணறலும் விரைவில் தோன்றலாம்.

3. கண்ணாடி விரியன்: தடித்த உடல், முக்கோண வடிவத் தலை, முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசையில் நீள்வட்டப் புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். குக்கர் ஆவி விடுவது போல உரக்கச் சீறும். முட்டையிடாமல் குட்டிகளை ஈனும். ஓர் ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் கூட இருக்கும். குட்டிக்கும் பிறந்த அன்றே நஞ்சு உண்டு. நிலக்கடலை, சோளம், கரும்பு, மரவள்ளி ஆகிய பயிர்களின் நிழலிலும், வரப்புப் புல்லிலும், காய்ந்த சருகிலும் அசையாமல் கிடக்கும். சருகின் நிறமும் பாம்பின் நிறமும் ஒத்திருப்பதால் அறுவடையின்போது மிதித்து விட நேரும். கடித்த இடம் கடுமையாக வலித்து வீங்கும். நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து விடுவதால் பல் ஈறிலும், பழைய புண்ணிலும், சிறுநீரிலும் இரத்தம் கசியும். சிறுநீரகம் பழுதடைவதும் உண்டு.

4. சுருட்டை விரியன்: நம் பகுதியில் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரையே வளரும் சிறிய பாம்பு. கரட்டு நிலத்திலும், கல் வரப்பிலும், காய்ந்த முட்புதரிலும் வாழும். சுருண்டு கொண்டு செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து மரம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். கல்லைப் புரட்டும்போதும், முள் வெட்டும்போதும், விறகு பொறுக்கும்போதும் கையில் கடிக்கும். சிறிய பாம்புதானே என்று அலட்சியம் செய்யலாகாது. இதன் நஞ்சும் இரத்தத்தைக் கெடுக்கும். உடனே பெரிய துன்பம் தெரியாமல், ஓரிரு நாள் கழித்து இரத்தக் கசிவு ஏற்படுவதும் உண்டு.

சுருங்கச் சொன்னால், நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குபவை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்குபவை. ஆகவே, வீக்கமும் வலியும் இல்லை என்பதால் நஞ்சு ஏறவில்லை என்று முடிவு செய்து விடக் கூடாது.

உழவருக்கு உதவும் பாம்புகள்

வீட்டருகே காணும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. சாரைப் பாம்பு எலிகளைத் தின்று தானியத்தைக் காக்கிறது. தண்ணீர்ப் பாம்பு கிணற்றிலும் வாய்க்காலிலும் மீன், தவளைகளைப் பிடித்துத் திரிவது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை இல்லை. மழுங்கிய வாலே தலை போலத் தோன்றுகிறது. கொம்பேறி மூக்கன் கடித்தவரின் சிதைப் புகையைக் காண மரமேறி நிற்கும் என்பது வெறும் கதை. அதற்கு மனிதனைக் கொல்லும் நஞ்சு கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும், சாரையும் நல்ல பாம்பும் இணையும் என்பதும், அடிபட்ட பாம்பு பழி வாங்கும் என்பதும் உண்மையல்ல. பின்னிப் பிணைந்து நிற்கும் இரு சாரைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று வலிமை காட்டும் ஆண் பாம்புகளே.

எனினும் ஓர் எச்சரிக்கை. சுவரேறும் ஓநாய்ப் பாம்பு நஞ்சற்றது. ஆனால் பார்வைக்குக் கட்டு விரியன் போலவே இருக்கும். பழக்கமில்லாதவர் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே, எந்தப் பாம்பு கடித்தாலும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சிலந்திகளுக்கு அஞ்ச வேண்டுமா?

பாம்புக்கு அடுத்தபடியாக மக்கள் அஞ்சுவது சிலந்திக்கு. இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. சிலந்திகள் அநேகமாக எல்லாவற்றிற்கும் நஞ்சு உண்டு. ஆனால் அது ஈ, கொசு, கரப்பான் போன்ற பூச்சிகளைக் கொல்லும் அளவினதே. சுவரில் ஓடும் உள்ளங்கை அகலத் தட்டைச் சிலந்தி கரப்பான் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. வயலில் வாழும் சிலந்திகளோ பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் தின்று உழவருக்குத் துணை செய்கின்றன.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய சிறப்பான சிலந்தி ஒன்றும் உண்டு. 1899ஆம் ஆண்டில் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், சேலத்தை அடுத்த காடையாம்பட்டியில் கிடைத்த பெரிய மரச் சிலந்தி ஒன்றைப் புதிய இனமாக விவரித்துப் 'பொயிசிலோத்தீரியா ஃபார்மோசா' என்று பெயரிட்டார். உலகில் சிலந்தி வளர்ப்போர் இதனைச் சேலத்தின் பெயராலேயே அழைக்கின்றனர். மயிரடர்ந்த கால்களும், சாம்பல் நிற உடலில் அழகிய கோலங்களும் கொண்ட இச்சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பழைய மரங்களின் பொந்திலும் பட்டை இடுக்கிலும் பகலில் பதுங்கியிருந்து இரவில் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். இவ்வினச் சிலந்திகள் கடித்தால் வலி கடுமையாக இருக்கும். தசைப் பிடிப்பு சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் கூட விட்டு விட்டு வரலாம். ஆனால் இக்கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. பழைய மரங்களை வெட்டும்போதும், பொந்திற்குள் கை விடும்போதும் கவனமாக இருந்தால் போதும்.

எந்தச் சிலந்தி கடித்தாலும் அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். வலி அதிகமானாலும், தசை இழுத்தாலும், புண் கறுத்துப் பரவினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாம்புக்கடிக்குரிய மருந்து சிலந்திக்கடிக்குப் பயன்படாது.

காலையில் எழும்போது கழுத்திலோ முகத்திலோ சூடு போட்டது போலக் கோடாகக் கொப்புளம் கண்டால் 'சிலந்தி கடித்து விட்டது' என்பர். மழைக் காலத்தில் விளக்கொளிக்கு வரும் செம்மஞ்சளும் கருமையும் கலந்த ஒரு சிறு வண்டு தோலின் மேல் நசுங்குவதாலும் இத்தகைய கொப்புளம் உண்டாகும். அது கடிப்பதில்லை, அதன் உடல் நீர் பட்டே தோல் பொசுங்குகிறது. மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளி விட்டு, அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழும்பும் 'அக்கி'யோ வைரஸ் கிருமியால் வருவது. அதற்குத் தொடக்கத்திலேயே மருந்துண்டு.

சிலந்தியைக் காட்டிலும் செந்தேளுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். கல்லடியிலும், ஓட்டுக் குவியலிலும், காலணிக்குள்ளும் பதுங்கும் இச்சிறு தேள் கொட்டிய பின் குழந்தைக்கு உடல் முழுதும் வியர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால் இருதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். சிறிதும் தாமதிக்கலாகாது. மகாராஷ்டிர மாநிலம் மகாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற மாத்திரையால் செந்தேள் கடிபட்டவரைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். அம்மருத்துவம் இன்று நாடெங்கும் கையாளப்படுகிறது.

கடிபடாமல் இருக்கச் செய்ய வேண்டியவை

1. தரையில் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். கயிற்றுக் கட்டிலாயினும் போதும். கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அல்லது மெத்தையின் அடியில் சுற்றிலும் செருகி விட வேண்டும். கட்டில் இல்லாதவரும் பாயின் மேல் கொசுவலை கட்டிக் கொள்ளலாம். நேபாள நாட்டில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் உறங்கியவர்களைப் பாம்பு கடிப்பது மிகவும் குறைவாக இருந்தது. கொசுவையும் கட்டு விரியனையும் ஒரே வலை தடுக்கிறது. களத்துமேட்டில் இரவுக் காவல் படுப்போருக்கும், பண்ணையில் தங்கும் வேலையாட்களுக்கும் கட்டிலும் வலையும் கொடுப்பது உரிமையாளரின் கடமை.

2. இரவில் வெளியே செல்லும்போது டார்ச் விளக்கும் காலணியும் கட்டாயம் தேவை. இரவு நேர மின்சாரத்தில் மோட்டார் போடச் செல்வோர் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது. மோட்டார் அறையில் சுவிட்சைத் தொடுமுன் பெட்டியின் மேலும் கீழும் ஒளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும்.

3. விறகு, செங்கல், ஓடு, தேங்காய் மட்டை, தட்டுப் போர் ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. போரிலிருந்து தட்டு உருவும்போது முதலில் கோலால் தட்டிய பின்னரே கை வைக்க வேண்டும். கடலைக் கொடியையும், முள்ளையும், கல்லையும் எடுக்கும்போதும் இம்முறையையே பின்பற்றுக.

4. எலியை ஒழித்தால் பாம்பின் வரவு குறையும். தானியத்தையும் தீவனத்தையும் மூடியுள்ள குதிரிலோ தகர டிரம்மிலோ வைக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மரச் சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அள்ளுக. வயலில் தஞ்சாவூர்க் கிட்டியை வைத்தும், வரப்பைச் சிறிதாக அமைத்தும், ஆந்தை அமரக் குச்சி நட்டும் எலியைக் குறைக்கலாம்.

5. சுவரிலும் திண்ணையிலும் உள்ள எலி வளைகளைச் சிமெண்டு கலவையால் அடைக்க வேண்டும். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டையும், சாக்கடைக் குழாய் வாய்க்கும் கோழிக் கூண்டுக்கும் அரை அங்குலத்திற்கு மேற்படாத கண் கொண்ட கம்பி வலையும் பொருத்தலாம். கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் கொடிகளையும் கழித்து விடுக.

6. காலணி, ஹெல்மெட், வேலைத் துணி ஆகியவற்றை உதறிய பின்னரே அணிய வேண்டும்.

சிறியாநங்கைச் செடி வளர்த்தல், பூண்டு நசுக்கித் தெளித்தல், பினாயில் ஊற்றுதல், உப்புத் தூவுதல் ஆகியவற்றால் பாம்பு வராது என்று நம்பி மேற்கண்ட காரியங்களை விட்டு விடக் கூடாது. துப்புரவும் வெளிச்சமும் கொசுவலையுமே நம்பத் தக்க பாதுகாப்பு.

வீட்டிற்குள் பாம்பைக் கண்டால் அடிக்க முயல வேண்டாம். அடிக்கப் போய்க் கடிபட்டவர் பலர். குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தி, தொலைவில் நின்று பாம்பின் மேல் கண் வைத்துக் கொண்டு, தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ தகவல் தர வேண்டும். பாம்புகளுக்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

கடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி அமர வைத்து அல்லது படுக்க வைத்துத் தைரியம் கூறுக. கடித்தவை எல்லாம் நச்சுப் பாம்புகள் அல்ல; நச்சுப் பாம்பும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. ஓடவும் நடக்கவும் விடக் கூடாது. தசை அசைய அசைய நஞ்சு விரைவாகப் பரவும்.

2. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம், இறுக்கமான துணி ஆகியவற்றைக் கழற்றி விடுக. வீக்கம் ஏறிய பின் அவை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

3. எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல, கடிபட்ட கை அல்லது காலுடன் ஒரு குச்சியையோ பலகையையோ சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும்.

4. 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கும் வண்டியில் புறப்பட்டு விட வேண்டும். வேறு வண்டி இல்லையெனில் மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்ந்து பிடித்துக் கொள்பவருக்கும் நடுவே கடிபட்டவரை இருத்திக் கொண்டு செல்லலாம்.

5. கடித்த நேரத்தையும், பின்னர் தோன்றிய அறிகுறிகளையும் நேரத்துடன் குறித்துக் கொண்டு மருத்துவரிடம் கூற வேண்டும்.

6. வாந்தி எடுப்பவரையும் விழுங்க இயலாதவரையும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு நின்று விட்டால் வாயோடு வாய் வைத்து ஊதிக் கொண்டே செல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை இவை: கடிவாய்க்கு மேல் கயிறோ துணியோ கொண்டு இறுகக் கட்டலாகாது. இறுகக் கட்டினால் இரத்தம் ஓடாமல் உறுப்பு அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரே நேரத்தில் உடலில் ஏறும். பிளேடால் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, தீயால் சுடுவதோ, ஐஸ் வைப்பதோ கூடாது. கண்ணாடி விரியன் கடித்தவரைக் கீறினால் இரத்தம் நிற்காமல் போகும். மிளகாயும் வேப்பிலையும் தின்னக் கொடுத்துச் சோதிப்பது, பச்சிலைச் சாறு புகட்டுவது, சாராயம் கொடுப்பது ஆகியவற்றைக் கைவிட வேண்டும். பாம்பைத் தேடி அடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் தேவையில்லை.

மந்திரத்தால் பிழைத்தவர் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நஞ்சற்ற பாம்பு கடித்தவரும், நஞ்சு செலுத்தப்படாதவரும் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பர். அவர்களைக் கண்டு நம்பி, உண்மையாக நஞ்சு ஏறியவரும் காத்திருப்பதில்தான் கேடு விளைகிறது.

மருந்து எவ்வாறு வேலை செய்கிறது?

பாம்புக்கடிக்கு உரிய ஒரே மருந்து விஷமுறிவு மருந்து. சிறிது சிறிதாகப் பாம்பு நஞ்சைக் குதிரைக்கு ஊசி வழியே செலுத்தினால், அதன் இரத்தத்தில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்தே மருந்து தயாரிக்கப்படுகிறது. நம் நாட்டு மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து வேலை செய்வது. அதனால்தான் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் சிகிச்சை தர முடிகிறது.

இந்த மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தே செல்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் பாம்புகளைப் பிடித்து வந்து, சில வாரங்கள் வைத்து நஞ்சு எடுத்து, மீண்டும் வெளியில் விட்டு விடுகின்றனர். இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இம்மருந்தை இரத்தக் குழாய் வழியாகவே செலுத்த வேண்டும். சிலருக்கு ஒவ்வாமை ஏற்படும் என்பதால் மருத்துவமனையில் வைத்தே கொடுக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவர் அளவு மருந்தே தரப்படும். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை அல்லவா? குழந்தைக்கு இவ்வளவு மருந்தா என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறைந்தால் நலம், உறையாவிடில் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று அறிவார். அறிகுறி ஏதும் இல்லாதவரையும் 24 மணி நேரம் வைத்துக் கண்காணிப்பது வழக்கம். ஒன்றும் இல்லை என்று இடையில் வீடு திரும்பி விடலாகாது. கட்டு விரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே பழுதாக்கி விடுவதால், மருந்து கொடுத்த பிறகும் அவை சீரடையச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி உயிரைத் தாங்கும். 'மெஷின் வைத்து விட்டார்கள், இனிப் பிழைக்க மாட்டார்' என்று நம்பிக்கை இழந்து நோயாளியை அழைத்துச் செல்வது பெருந்தவறு. பொறுத்திருந்தால் முழுமையாகத் தேறி வீடு திரும்புவோர் பலர்.

அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. எங்கே கடிகள் மிகுதி என்று தெரிந்தால் மருந்தை அங்கே கூடுதலாக இருப்பு வைக்க இது உதவும். கடிபட்டவர் மருத்துவமனைக்குச் சென்றால்தான் இக்கணக்கும் சரியாக அமையும்.

கறவை மாட்டையோ ஆட்டையோ பாம்பு கடித்தாலும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அங்கும் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதிக் கிராமங்களில், கடிபட்டவரை உடனே ஏற்றிச் செல்ல மோட்டார் சைக்கிள் வைத்திருந்த தொண்டர்களை ஏற்பாடு செய்து, மக்களுக்கு விளக்கமும் கூறினர். 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அதற்கு முன் கடிபட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்த நிலை மாறி, இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சாவு குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்திடம் நோயாளியை விரைந்து சேர்த்ததும் மக்களின் விழிப்புணர்வுமே இப்பலனைத் தந்தன.

மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அரிது. இரவு எந்நேரமும் அழைக்கத் தக்க இரண்டு, மூன்று இளைஞர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும், நியாய விலைக் கடையிலும், பள்ளியிலும் எழுதி வைக்கலாம். அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இரவிலும் கிடைக்கும், செயற்கைச் சுவாசக் கருவி எங்கே உள்ளது என்பதை மழைக் காலத்திற்கு முன்பே கேட்டறிந்து அதனருகிலேயே எழுதி வைக்க வேண்டும். கடிபட்ட பின் விசாரிக்க நேரம் இராது.

ஒரு கொசுவலை, ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஜோடி காலணி ஆகிய மூன்றும் கடிபடாமல் காப்பவை. கடிபட்ட பின் காப்பது காலம் கடத்தாமை ஒன்றே. உழவர் பெருமக்கள் இவற்றைத் தம் வீட்டில் கடைப்பிடிப்பதுடன், எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும், பண்ணை வேலையாட்களுக்கும் எடுத்துக் கூறி உயிரிழப்பைத் தவிர்க்க முன்வர வேண்டும்.